பேரீச்சம்பழத்துக்கு ஆகாத பெட்டி

பழைய சாமான் வாங்குகிறவர் அன்று எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தார். மூன்று சக்கர வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடை போட்டார். அடி ஓட்டையான பித்தளைத் தவலை, மூடி காணாமல்போன இட்லிக் கொப்பரை, அப்பாவின் டிரங்குப் பெட்டி, இருபது வருடமாகக் காக்கைக்கு உட்காரக் கம்பாக மட்டும் இருந்த மொட்டைமாடி அலுமினிய ஆன்டெனா. எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. கடைசியில் அம்மா பட்டாசலின் மூலையைக் காட்டினாள். பூவேலை செய்த துணி போர்த்தி, உச்சியில் தலையாட்டிப் பொம்மை வைத்து, அங்கே இருபத்தோரு இன்ச் டி.வி. இருந்தது. பழைய குண்டுப்பெட்டி. அவர் எழுந்துகூட வரவில்லை.

"அது வேண்டாம்மா. ஏத்திக்கிட்டுப் போனா எறக்க எடமில்ல."

பிறகு அவராகவே கொஞ்சம் இறங்கிவந்தார். "வேணும்னா பின்னாடியக் கழத்தி, காயில மட்டும் எடுத்துக்கிடுதேன். செம்பு இருக்கும். டியூப்பு ஒங்களுக்குத்தான்."

"உசுரோட இருக்கத எதுக்குக் கழத்தணும்?" என்றாள் அம்மா. ஓடாமல் ஆறு வருடமாகக் கிடக்கிற பெட்டியைப் பற்றித்தான் சொன்னாள்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் நடுவில், பனைக்குள் ஒளிந்திருக்கிற ஊர். அங்கே பெட்டி என்றால் முதலில் ஓலைப்பெட்டிதான். கருப்பட்டி அடுக்க, மீன் வாங்க, சீர் கொண்டுபோக என்று வேலைக்கு ஒரு பெட்டி. முடைய ஆள் இருந்தது. வாய் பிய்ந்தால் நாரால் கட்டித் தர ஆள் இருந்தது. அதற்கும் மேல் போனால் அடுப்பு இருந்தது. பனை ஓலையைப் போல எரிகிற பொருள் வேறு இல்லை. எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு போகிற வழி உண்டு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டோம். நூல் புடவை கிழிந்தால் தொட்டில், தொட்டில் நைந்தால் தலையணை உறை, அதுவும் போனால் கரித்துணி, கடைசியில் ஒரு முழம் விளக்குத் திரியாகத் திரிந்து எண்ணெய்க்குள் போகும். பானை உடைந்தால் அடிப்பாகம் கோழிக்குத் தண்ணீர் வைக்க, சில்லு பிள்ளைகள் பாண்டி விளையாட. இரும்புக்கும் பித்தளைக்கும் இருக்கவே இருக்கிறது பேரீச்சம்பழம். தள்ளுவண்டியில் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும் பழத்தைக் கத்தியால் கீறி, துருப்பிடித்த ஆணிக்கும் ஒரு துண்டு தருவார்கள். ஓடாத சைக்கிளைப் பார்த்து, 'பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்' என்று கேலி செய்வோம். அதற்குக் கீழே ஒரு படி கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பெட்டி அதற்கும் கீழே இருந்தது.

காரணம் கண்ணாடி. கலர் டி.வி.யின் டியூப்புக்குள் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் வோல்ட் அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் பாய்கின்றன. அவ்வளவு வேகத்தில் போய் மோதும்போது கொஞ்சம் எக்ஸ்ரே பிறக்கும். அது வெளியே வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்மேல் படாமல் இருக்கத்தான் கண்ணாடியைக் கனமாக வார்த்தார்கள். பின்புறத்துப் புனல் போன்ற பாகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு; முன்புறத்தில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும். இருபத்தோரு இன்ச் பெட்டியில் ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் தேறும். இத்தனை வருடம் நம்மைக் காத்தது எதுவோ, அதுதான் இப்போது யாரும் தொடத் தயங்குகிற சரக்கு. உடைத்து மண்ணில் கொட்டினால் ஈயம் மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீரில் சேரும். டியூப் செய்யும் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தவரை பழைய டியூப்பை உருக்கிப் புது டியூப் வார்க்க முடிந்தது. தட்டைத் திரை வந்து அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது, பழைய டியூப் போய்ச் சேருகிற வாசலும் சேர்ந்தே மூடிக்கொண்டது. ஏற்றிக்கொண்டு போனால் இறக்க இடமில்லை என்று அவர் சொன்னதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஆன்டெனாவை அவர் காலால் மிதித்து வளைத்தபோது மட்டும் எனக்கு என்னவோ செய்தது.

தூர்தர்ஷன் மெட்ராசுக்கு 1975லேயே வந்துவிட்டது. ஆனால் எங்களுக்கு மெட்ராஸ் ரொம்ப தூரம். பக்கத்தில் இருந்தது கொழும்புதான். 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. இலங்கையின் மிக உயரமான மலையான பீதுருதாலகாலையில் இருக்கும் கோபுரத்திலிருந்து கிளம்புகிற அலை மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் கரைக்கு வந்தது. கொடைக்கானலில் ஒளிபரப்பு நிலையம் வரும்வரை, டி.வி. வைத்திருந்த நாலைந்து வீடுகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் கிழக்கே பார்த்தே நின்றன. சிங்களச் செய்தி ஓடும். ஒரு வார்த்தை புரியாமல் அசையாமல் பார்த்திருப்போம். கடல்மேல் சூடான காற்றுப் படலம் படிந்து காற்று அடங்கியிருக்கிற நாட்களில் அலை வளைந்து வெகுதூரம் வரும் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, புழுக்கமான ராத்திரியில் படம் நன்றாக இருக்கும் என்பது மட்டுமே. வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பார்த்தோம்.

படம் சரியில்லை என்றால் மூன்று பேர் வேண்டும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். ஜன்னலில் ஒருவர் நிற்பார். பெட்டிக்கு முன்னால் ஒருவர். "தெரியுதா?" "தெரியுதா?" "இல்ல." "இல்லயாம்." "இப்ப?" "இப்ப புள்ளி விழுது." "புள்ளி விழுதாம்." திருப்புகிறவருக்குப் படம் தெரியாது, பார்க்கிறவருக்குக் குழாய் தெரியாது. நடுவில் நின்றவருக்கு இரண்டுமே தெரியாது, ஆனால் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த நடு வேலையைத்தான் பல வருடம் நான் பார்த்தேன். கட்டுரை எழுதுவதும் ஏறக்குறைய அதே உத்தியோகம் என்று சில சமயம் தோன்றுகிறது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

இந்த இருபத்தோரு இன்ச் பெட்டி 1998 தீபாவளிக்கு வந்தது. வந்த நாலைந்து வருடத்தில் ஒருநாள் ராத்திரி, படம் சுருண்டு நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. திரையில் படம் என்பது எலக்ட்ரான் கதிர், இடமிருந்து வலமாக ஓடி ஓடி 625 கோடுகளாகத் தீட்டுகிற கோலம்; நொடிக்கு இருபத்தைந்து முறை அழித்து அழித்துப் போடுகிறது. ஒரு சுருள் அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது, இன்னொன்று மேலும் கீழும். மேல்கீழ் இழுக்கிற வேலை நின்றுபோனால் அத்தனை கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழும். அன்று தொடரில் மாமியாரும் மருமகளும் அந்தக் கோட்டுக்குள்ளேயேதான் சண்டை போட்டார்கள். அம்மா கோட்டைப் பார்த்துக்கொண்டே முழுத் தொடரையும் கேட்டு முடித்தாள்.

மறுநாள் ரேடியோ கடை அண்ணாச்சி வந்தார். பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவர். டி.வி. ரிப்பேர் வந்து எத்தனையோ வருடமாகியும் கடைக்குப் பெயர் ரேடியோ கடைதான். வந்ததும் முதலில் வெளிச்சத்தைக் குறைத்தார். "ஒரே எடத்துல விழுந்துக்கிட்டே இருந்தா திரை கருகிரும்க்கா. இதெப்படி ராத்திரி பூராம் பாத்திய?" என்றார். பிறகு பின்மூடியைக் கழற்றினார்.

அதுவரை எனக்குப் பெட்டிக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே நினைவில்லை. உள்ளே வெல்வெட் மாதிரி தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு, கழுத்து நீண்ட கண்ணாடிப் புனல், கழுத்தைச் சுற்றிச் செம்புச் சுருள். ஸ்க்ரூ டிரைவரில் ஒரு ஒயரைச் சுற்றி, மறுமுனையை எர்த்தில் மாட்டி, டியூப்பின் தோளில் இருந்த ரப்பர் மூடிக்குள் நுழைத்தார். 'டிப்' என்று ஒரு சத்தம். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தும், டியூப் தனக்குள்ளேயே மின்சாரத்தை அடைத்துவைத்திருக்கும். "கரண்ட் இருக்க பெட்டிய நம்பிரலாம் தம்பி. இல்லாததத்தான் நம்பக் கூடாது."

கோளாறு ஒரு சின்ன ஐ.சி.யில். மாற்றுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. படத்தின் உயரம், நிறம், கூர்மை எல்லாவற்றையும் திருகுகிற இடம் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. படமோ முன்னால். "முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு எடுத்துட்டு வாங்கக்கா" என்றார். அம்மா சுவரிலிருந்த ரசம் போன கண்ணாடியைக் கழற்றி, பெட்டிக்கு எதிரே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி பின்னாலிருந்து எட்டி, அம்மாவின் கையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே திருகினார். கண்ணாடியில் எழுத்துகள் இடம் வலம் மாறி ஓடின. அந்தத் தலைகீழ்த் தமிழைச் சரளமாகப் படிக்கிற ஒரே மனிதர் எங்கள் ஊரில் அவர்தான்.

அம்மாவால் சும்மா பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். "ஆளு குட்டையா இருக்கான்." அவர் ஒன்றைத் திருகினார். "இப்ப நெட்டையாயிட்டான்." "மொகம் பச்சையா இருக்கு, காமால மாதிரி." இன்னொன்று. "இப்ப சரி. சேல நெறம் தப்பு, அது அரக்குல்லா." "அரக்குன்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" "நேத்து விளம்பரத்துல அரக்குதான் கெட்டியிருந்தா." புத்தகத்தில் அந்தத் திருகிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். அன்று எங்கள் பட்டாசலில் குட்டை, நெட்டை, காமாலை, அரக்கு என்ற நாலு சொல்லில் ஒரு டி.வி. சரியானது. கடைசியில் அவர் கேட்ட கூலியை அம்மா பேரம் பேசாமல் கொடுத்தாள். கண்ணாடி பிடித்ததற்குத் தனக்குப் பங்கு உண்டென்று மட்டும் சொன்னாள்.

குண்டுப்பெட்டிகளுக்கு ஒரு விசில் உண்டு. கதிர் நொடிக்கு 15,625 முறை பக்கவாட்டில் ஓடுவதால் வருகிற மெல்லிய கீச்சு. சத்தத்தை முழுக்கக் குறைத்துவைத்தாலும், தெருவில் வரும்போதே எந்த வீட்டில் டி.வி. ஓடுகிறது என்று பிள்ளைகளாக இருந்த எங்களுக்குத் தெரிந்துவிடும். பெரியவர்களுக்குக் கேட்காது. ஏதோ ஒரு வருடம் எனக்கும் கேட்காமல் போயிருக்கிறது. எந்த வருடம் என்று சொல்ல முடியவில்லை.

டி.வி. வைத்திருந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் எப்போது கதவைச் சாத்துவார்களோ என்று பயந்துகொண்டே பார்த்தவர்களுக்கு, 2006இல் தி.மு.க. அறிவித்த இலவசக் கலர் டி.வி.யைப் பற்றி நகைச்சுவை வராது. அந்த ஆண்டு அண்ணா பிறந்தநாளில் தொடங்கி 2011இல் ஆட்சி மாறும்வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. பதினான்கு இன்ச். இப்படி வாக்குறுதி கொடுப்பது லஞ்சமா என்று வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 2013இல் சட்டப்படி அது முறைகேடான தேர்தல் நடத்தை ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அரசாங்கக் காசு, கேபிள் வியாபாரம் என்று இரண்டு பக்கமும் பேச எவ்வளவோ இருந்தது, பேசினார்கள். எனக்குத் தெரிந்து யாரும் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: இது ஓடி முடித்த பிறகு எங்கே போகும்? பெட்டிக்குக் கால் கிலோ ஈயம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் மூவாயிரத்து எழுநூறு டன்னுக்கு மேல் வருகிறது. அந்தக் காலத்தில் உலகமே தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்தது; விடைபெறும் நேரத்தில் குண்டுப்பெட்டி நம் வீடுகளுக்குள் கூட்டமாக நுழைந்தது. சாத்தான்குளம் பக்கம் ஒரு வீட்டில், டியூப்பை எடுத்துவிட்ட பதினான்கு இன்ச் கூட்டுக்குள் வைக்கோல் பரப்பிக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். திரை இருந்த இடத்தில் கோழி முகம். டியூப் எங்கே என்று கேட்டதற்கு அந்த வீட்டுக்காரர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார்.

விதிகள் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவுக்கென்று 2011இல் முதல் விதிகளை எழுதி, 2012 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2016இல் திருத்தி எழுதினார்கள். 2022இல் எழுதியது 2023 ஏப்ரலிலிருந்து நடக்கிறது. சாரம், செய்தவனே முடிவுக்கும் பொறுப்பு என்பது. நல்ல நியாயம். எங்கள் பெட்டியைச் செய்தவர்கள் இப்போது டி.வி.யே செய்வதில்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் முந்திப் போய்விட்டால் யார் வைப்பது என்று ஊரில் ஒரு வரிசை உண்டு: தம்பி, பங்காளி, மருமகன். விதிகளில் அப்படி ஒரு வரிசையை நான் பார்க்கவில்லை. பெட்டி வாங்கிக்கொள்கிற வண்டி எதுவும் எங்கள் தெருவுக்கு இதுவரை வந்ததும் இல்லை.

சாமான்காரர் போன மறுநாள், வாடகை ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ரேடியோ கடைக்குப் போனேன். அம்மாவிடம் ரிப்பேருக்கு என்று சொன்னேன். அண்ணாச்சியிடம் பேசி அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அம்மாவுக்குப் புது எல்.இ.டி. வாங்கிக் கொடுத்து ஆறு வருடமாகிறது. அதில்தான் எல்லாம் பார்க்கிறாள். நாலைந்து மாதம் போனால் கேட்பதை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கடைக்குள் நுழையவே இடம் இல்லை. சுவரோடு சுவராக, தரையிலிருந்து பரண்வரை குண்டுப்பெட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸில் பெயர், தேதி, ஊர். பரமன்குறிச்சி, குலசேகரன்பட்டினம், மெஞ்ஞானபுரம். சில தேதிகள் பத்து வருடத்துக்கு முந்தியவை.

"இம்புட்டு வேலை பாக்கி கெடக்கா அண்ணாச்சி?"

"பாக்கியா? இதுல பாதி சரிபண்ணி வச்சதுல்லா. போன் போட்டா எடுக்க மாட்டாவ. ஒருத்தர் வெளியூர்ல இருக்கேம்பாரு, ஒருத்தர் அடுத்த வாரம்பாரு." சிரித்தார். "ரிப்பேருக்குன்னு குடுக்கல தம்பி. தெருவுல போட மனசில்லாம இங்கன கொண்டாந்து குடுக்காவ."

நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பொம்மையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

அவருக்கு இப்போது வேலை தட்டைத் திரைகளில். பின்னால் எரிகிற எல்.இ.டி. பட்டிகள் போனால் மாற்றுகிறார். கண்ணாடித் தகட்டை உடையாமல் தூக்க உறிஞ்சுகுமிழ்களோடு இரண்டு பேர் வேண்டும். போர்டு போனால் போர்டு. பேனல் போனால், "போனது போனதுதான், புதுசு வாங்கிரலாம்" என்று அனுப்பிவிடுகிறார். திருகிச் சரிபார்க்கப் பின்பக்கம் ஒன்றுமில்லை, எல்லாம் ரிமோட்டில் வந்துவிட்டது. குண்டுப்பெட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போர்டைக் கழற்றி வைத்துக்கொள்வாராம், சுருளைச் செம்புக்குப் போடுவாராம். டியூப்பை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது, வெடிக்கும். கழுத்தின் நுனியில் மெல்லத் தட்டி ஒரு கீறல் விடவேண்டும். உள்ளே காற்றே கிடையாது. தொழிற்சாலையில் மூடிய நாளிலிருந்து வெறும் வெற்றிடம். கீறியதும் 'ஸ்ஸ்' என்று ஊர்க்காற்று உள்ளே போகும். "மனுசனுக்கு மூச்சு நின்னா சாவு. இதுக்கு மூச்சு உள்ள போனா சாவு" என்றார். அதன்பிறகு? கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைக் காட்டினார். மூச்சு போனவை எல்லாம் முகம் மேலே பார்க்க அங்கே அடுக்கியிருந்தன. மழைநீர் படாமல் தார்ப்பாய் போட்டிருந்தார். "எங்கன கொண்டு போட? எனக்குப் பொறவு வாரவன் பாத்துக்கிடட்டும்."

எங்கள் பெட்டியின் முதுகில் அம்மா பெயரையும் தேதியையும் எழுதினார். நான் முன்பணம் என்று ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நூறை மட்டும் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்ன சொன்னாவ?" பார்க்கிறேன் என்று சொன்னார் என்றேன். பட்டாசலின் மூலையில் தரை மட்டும் பழைய சிவப்பில் இருந்தது. பொம்மையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப்பானை மூடிமேல் வைத்தாள்.

பதினோராம் நாள் காலை, நான் ஊருக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி போன் செய்தார். சால்டர் விட்டிருக்கிறது, ஒரு கண்டென்சர் வீங்கியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். பின்னால் கடைப்பையன் ஏதோ கீச்சென்று கேட்பதாகப் புகார் சொல்வது காதில் விழுந்தது.

"படம் வந்துட்டு தம்பி. மொகம்தான் கொஞ்சம் பச்சையாத் தெரியுது. கண்ணாடி பிடிக்க ஆளில்ல. அக்காவ ஒரு எட்டு கூட்டிட்டு வாரியளா?"